பாலத்தடியில் ஒரு மஞ்சள் கோடு

மார்ச் 3

அக்கா,

போனில் என் எண்ணை நீ அடைத்து வைத்துப் பதினான்கு மாதம் ஆகிறது. அம்மா போனிலிருந்து கூப்பிட்டாலும் என் குரல் கேட்டதும் வைத்துவிடுகிறாய். அதனால்தான் கடிதம். கையெழுத்தைப் பார்த்ததும் கிழித்துப் போட்டுவிடாதே. முதல் வரியிலேயே சொல்லிவிடுகிறேன்: நீ சொன்னதுதான் சரி. ஆற்றுப் பாலத்தின் நான்காவது கண்ணில், தூண்களுக்கு நடுவே இருக்கும் உத்திரத்தில், விரிசல் வளர்கிறது. கூட்டத்தில் நான் காட்டிய கோடு தப்பு.

எப்படித் தப்பு என்று எழுதுகிறேன். உனக்குப் பாதி தெரியும். எழுதினால்தான் எனக்கே தைரியம் வருகிறது. உத்திரத்தின் அடியில், விரிசலுக்குக் குறுக்கே, முடி மாதிரி ஒரு கண்ணாடி இழையை ஒட்டியிருக்கிறேன். பாரம் ஏறி உத்திரம் இழுபட்டால் இழை நீளும். வெயில் ஏறினாலும் நீளும். எது பாரம், எது வெயில் என்று அந்த இழைக்குத் தெரியாது. அதனால் பக்கத்திலேயே ஒரு சின்னக் குழாய்க்குள் இன்னொரு இழை. அதற்கு ஒரு முனையில் மட்டும்தான் பசை. மறுமுனை சும்மா கிடக்கும். பாலம் என்ன பாடுபட்டாலும் அதை இழுக்காது, வெயிலுக்கு மட்டும் நீளும். முதல் இழை சொல்வதிலிருந்து இரண்டாவது இழை சொல்வதைக் கழித்தால் வெயில் போய்விடும். மிச்சம் பாரத்தின் வேலை. அந்த மிச்சம்தான் நான் காட்டிய பச்சைக் கோடு. தட்டையாக, அசையாமல் இருந்ததே, அது.

போன மாதம் ஒன்பது நாள் வெயிலே இல்லை. அம்மா துணி காயவில்லை என்று புலம்பிக்கொண்டே இருந்தாள். வானிலை அலுவலகம் நாளுக்கு நாள் குளிர்கிறது என்கிறது. என் குழாய் இழை மட்டும் வெப்பம் ஏறுகிறது, ஏறுகிறது என்கிறது. வெயில் இல்லாமல் எங்கிருந்து வெப்பம் ஏறும்? விரிசல் அதையும் சேர்த்து இழுக்கிறது. குழாயின் இரண்டு முனையும் ஒட்டிப்போயிருக்க வேண்டும். அப்படியானால் நான் வெயிலை மட்டும் கழிக்கவில்லை, விரிசலையும் சேர்த்துக் கழித்திருக்கிறேன்.

ஒட்டியது நான். இரண்டு முனையிலும் பசை வைத்த ஞாபகம் இல்லை. ஆனால் என்னைத் தவிர யார் வைத்திருப்பார்கள்?

மன்னிப்புக் கேட்க எனக்கு முகம் இல்லை. இருந்தாலும் கேட்கிறேன்.

தம்பி

*

மார்ச் 9

டேய்,

முதல் வரியில் சொல்கிறேன் என்று ஐந்தாவது வரியில் சொல்லியிருக்கிறாய். உன்னுடைய கணக்கே இப்படித்தான்.

கடிதத்தைக் கிழிக்கத்தான் போனேன். 'நீ சொன்னதுதான் சரி' என்பதைப் படித்துவிட்டேன், கை நின்றுவிட்டது. பதினான்கு மாதம் அந்த மூன்று சொல்லுக்குக் காத்திருந்தேன். வந்த பிறகு பார்த்தால் சந்தோஷமே இல்லை, எரிச்சல்தான் வருகிறது.

கூட்டத்தில் என்ன நடந்தது என்று நீ மறந்திருப்பாய், நான் மறக்கவில்லை. விரிசல் மதியம் விரிகிறது, அது வெயில், சரி. காலையில் மூட வேண்டும் இல்லையா? மூடவில்லை. ஒவ்வொரு வாரமும் விரிசல் அளக்கிற அட்டையை வைத்துப் பார்த்தேன், காலையிலும் ஒரு கோடு கூடிக்கொண்டே போனது. லாரிகளை மூன்று நாள் நிறுத்தினேன். நாலாம் நாள் பெரிய இன்ஜினியர் கூப்பிட்டார். நீ பச்சைக் கோட்டைச் சுவர் அகலத்துக்குக் காட்டினாய். அவர் என்னைப் பார்த்து, "ஏம்மா, வெயிலுக்கு விரிசல் விரியறது ஒரு செய்தியாம்மா?" என்றார். அறை முழுக்கச் சிரித்தது. நீ சிரிக்கவில்லை. லேப்டாப்பையே பார்த்துக்கொண்டிருந்தாய். 'இவ என் அக்கா, இருபத்தோரு வருஷமா பாலத்தடியில கிடக்கிறவ, ஒரு தரம் போய்ப் பாத்துட்டு வரேன்' என்று ஒரு வார்த்தை சொல்ல உனக்கு நாக்கு எழவில்லை.

அந்தக் கூட்டத்துக்குப் பிறகு என்னைத் தூக்கிப் போட்ட இந்தக் கிடங்கில் எனக்கு என்ன வேலை தெரியுமா? சாலையில் வைக்கிற கூம்புகளை அடுக்குவது. நல்லது ஒரு பக்கம், ஒடிந்தது ஒரு பக்கம். சுத்தியலால் கான்கிரீட்டைத் தட்டி, சத்தத்தை வைத்தே உள்ளே பொள்ளல் இருக்கிறதா என்று சொல்கிறவளுக்கு இந்த வேலை. என் மஞ்சள் பெயின்ட் டப்பாவைக்கூட வாங்கி வைத்துக்கொண்டார்கள். நான் கை வைத்துச் சரிசெய்த ஒவ்வொரு ஆணிக்கும் ஒரு மஞ்சள் கோடு, தேதி, நோட்டில் ஒரு வரி. இருபத்தோரு வருடத்தில் அது ஒரு நாள் தவறியதில்லை. நோட்டு என்னிடம்தான் இருக்கிறது. அதைக் கேட்கக்கூட யாருக்கும் தோன்றவில்லை.

மன்னிப்பெல்லாம் அப்புறம். லாரியை நிறுத்தினாயா? பெரிய இன்ஜினியரிடம் சொன்னாயா? இதை முதன்முதலாக எப்போது பார்த்தாய்? தேதி போட்டு எழுது. மென்று முழுங்காதே.

அக்கா

*

மார்ச் 14

அக்கா,

உன் கடிதம் வந்த அன்றே போய்ச் சொன்னேன். சொல்ல உன் கடிதம் வர வேண்டியிருந்தது என்பதே கேவலம்தான். பெரிய இன்ஜினியர் பொறுமையாகக் கேட்டார். பிறகு, "போன வருஷம் வெயில்னு சொன்னீங்க, இந்த வருஷம் பசைன்னு சொல்றீங்க. அடுத்த வருஷம் என்ன சொல்வீங்க? குழாய் ஒட்டிக்கிட்டிருக்குன்னு கண்ணால காட்டுங்க, நிறுத்தறேன்" என்றார். அவரைக் குறை சொல்ல முடியவில்லை. லாரிகள் இன்னும் போகின்றன. நான் தினமும் ஆபீஸ் போகிற பஸ்ஸும் அந்த வழிதான். நான்காவது கண் மேல் போகும்போது காலை ஊன்றாமல் தூக்கி வைத்துக்கொள்கிறேன். பைத்தியக்காரத்தனம்தான்.

தேதி கேட்டாய்.

கூட்டம் நடந்தது ஒரு திங்கட்கிழமை. அதற்கு நான்கு நாள் முன்னால், வியாழக்கிழமை மதியம் பார்த்தேன். நான் அளவுகளைப் பத்து நிமிடத்துக்கு ஒரு சராசரியாக எடுத்துத்தான் கோடு போடுவேன். அன்று எதற்கோ சராசரி எடுக்காத அளவைத் திறந்தேன். ஒரு லாரி போனபோது குழாய்க்குள் இருக்கிற இழையும் துள்ளியது. மூன்று நொடி. ஏறி இறங்கிவிட்டது. வெயில் மூன்று நொடியில் ஏறி இறங்காது, அக்கா. பாரம் படாமல் இருக்க வேண்டிய இழை லாரிக்குத் துள்ளினால் அது எங்கோ ஒட்டியிருக்கிறது என்று அர்த்தம். எனக்கு அது அந்த நிமிடமே தெரியும்.

தெரிந்தும் லேப்டாப்பில் அந்த ஜன்னலை மூடினேன். ஏதோ இரைச்சல் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இதே முறையில் இன்னும் பதினோரு பாலத்துக்குச் சென்சார் வைத்திருந்தேன், எல்லாவற்றையும் சந்தேகிப்பார்கள் என்று பயந்தேன். பெரிய இன்ஜினியர் அந்த வாரம்தான் எல்லார் முன்னாலும் என்னைப் பாராட்டியிருந்தார். இதெல்லாம் காரணம் இல்லை என்று எனக்கே தெரிகிறது. நான் சிரிக்காமல் லேப்டாப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்றாயே, உன்னைப் பார்த்தால் வாய் தானாகத் திறந்துவிடும் என்றுதான் பார்க்கவில்லை.

இப்போது நானே ஏறப் போகிறேன். எனக்கு நாற்காலி மேல் ஏறினாலே தலை சுற்றும், உனக்குத் தெரியும். தொங்கு பலகையை எங்கிருந்து இறக்குவாய், கயிற்றை எதில் கட்டுவாய், எல்லாம் எழுது. படகுக்காரர் வருகிறேன் என்றிருக்கிறார். பார்க்க வேண்டியது ஒன்றுதான். குழாயின் ஆற்றுப் பக்க முனை விடுதலையாக இருக்க வேண்டும். லாரி போனால் அது உத்திரத்தில் லேசாக இடித்து 'டக்டக்' என்று சத்தம் போட வேண்டும். சத்தம் இல்லை என்றால் ஒட்டிக்கொண்டது என்று பொருள்.

அம்மா உன்னைக் கேட்கிறாள். "அவளும் நீயும் சண்டையா?" என்றாள். "இல்லம்மா, ரெண்டு பேருக்கும் வேலை அதிகம்" என்றேன். "அதெப்படி ரெண்டு பேருக்கும் சேர்ந்தாப்புல வேலை அதிகமாகும்?" என்று கேட்டுவிட்டு டிவி பார்க்கப் போய்விட்டாள்.

தம்பி

*

மார்ச் 18

நாலு நாள். நீ தப்பாகக் கணக்குப் போட்டாய் என்று நினைத்துத்தான் இத்தனை நாள் கோபப்பட்டேன். தெரிந்தே செய்தாய் என்று இப்போதுதான் தெரிகிறது. என் தம்பி முட்டாள் என்று நினைத்துக்கொண்டிருந்தபோது எவ்வளவோ நிம்மதியாக இருந்திருக்கிறேன். உன்னைத் தோளில் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடம் போனவள் நான். என்னை எழுப்பி நிறுத்தி எல்லாரும் சிரிக்கும்போது, உனக்குத் தெரியும். தெரிந்துகொண்டு உட்கார்ந்திருந்தாய். நீயெல்லாம் ஒரு

மதியம் இதோடு நிறுத்திவிட்டேன். இப்போது மாலை. கிடங்கைப் பூட்டிவிட்டு உன் கடிதத்தை மறுபடி படித்தேன்.

ஆற்றுப் பக்க முனையா? நன்றாகத் தெரியுமா? அந்த 'டக்டக்' சத்தம் அதிலிருந்துதான் வர வேண்டுமா? வேறு எதுவும் அங்கே ஆடாதா?

நீ ஏறாதே. வேறு யாரையாவது அனுப்பு. வேண்டாம், யாரையும் அனுப்பாதே. நான் லீவு போட்டுக்கொண்டு வரப் பார்க்கிறேன். லீவு கிடைக்காது. சரி, லாரி நிற்க வேண்டும், அதுதான் முக்கியம். ஏறு. இடுப்புக் கயிற்றைக் கைப்பிடிச் சுவரில் கட்டாதே, அது பழசு. விளக்குக் கம்பத்தின் அடியில் கட்டு. இரண்டு கயிறு. படகுக்காரர் நேர் கீழே நிற்க வேண்டாம், பத்தடி தள்ளி நிற்கட்டும். கீழே பார்க்காதே, உத்திரத்தையே பார்.

அக்கா

*

மார்ச் 25

அன்புள்ள அக்காவுக்கு,

தாங்கள் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். மகிழ்ச்சியான செய்தி. நேற்றுக் காலை ஏறினேன். விளக்குக் கம்பத்தில் இரண்டு கயிறு, நீ சொன்ன மாதிரியே. கண்ணை உத்திரத்திலிருந்து எடுக்கவே இல்லை. படகுக்காரர் கீழிருந்து, "உங்க அக்கா இதுல உக்காந்து டீ குடிக்கும் சார்" என்று உற்சாகப்படுத்தினார்.

குழாயின் ஆற்றுப் பக்க முனை ஒட்டியிருந்தது. பசை குழாயின் வாய்க்குள் இறங்கி உள்ளே இருக்கிற இழையையும் பிடித்துக்கொண்டிருந்தது. போட்டோ எடுத்தேன். பிறகு கத்தியால் பசையை அறுத்தேன். படகில் லேப்டாப்பைப் பார்த்துக்கொண்டிருந்த ஆபீஸ் ஆள் கத்தினார். இழை விடுபட்ட அந்த நொடி, பொய் வெப்பம் காட்டிய கோடு சடாரென்று கீழே விழுந்திருக்கிறது, பச்சைக் கோடு எழுந்துவிட்டது. பதினான்கு மாதமாக நான் மறைத்து வைத்திருந்த விரிசல் முழுக்க அதில் இருந்தது. பெரிய இன்ஜினியர் சாயங்காலத்துக்குள் பாலத்தையே அடைத்துவிட்டார். அடியில் முட்டுக் கொடுக்கிறார்கள்.

இரண்டாவது முனையில் பசை வைத்தது நான்தான் என்று அறிக்கையில் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். கவனக்குறைவு என்று எழுதியிருக்கிறேன். அந்த இடத்தை நன்றாகச் சுரண்டிச் சுத்தம் செய்துவிட்டேன். அங்கே குறிப்பிடும்படியாக வேறு எதுவும் இல்லை. நான் வேறு எதையும் பார்க்கவில்லை.

உன்னைப் பழைய வேலைக்குத் திரும்ப எடுக்கும் கோப்பு மேசைக்கு வந்துவிட்டது. இன்னும் பத்து நாளில் உத்தரவு வரும் என்கிறார்கள். உன் சுத்தியலை அம்மாவின் அலமாரியில்தான் வைத்திருக்கிறேன்.

என்றும் அன்புள்ள,
தம்பி

*

மார்ச் 30

தாங்களா? நலமாக இருப்பீர்களா? பொய் சொல்லும்போது உனக்குத் தமிழ் பிரமாதமாக வரும். ஐந்தாம் வகுப்பில் அப்பாவின் கைக்கடிகாரத்தை உடைத்துவிட்டு இப்படித்தான் ஒரு கடிதம் எழுதி வைத்தாய்.

நீ என்ன பார்த்தாய் என்று எனக்குத் தெரியும். பசை மேல் ஒரு மஞ்சள் கோடு. பக்கத்தில் தேதி. என் கையெழுத்து. அதைத்தான் சுரண்டினாய்.

நான்தான்டா. நீ ஒட்டிவிட்டுப் போன மறுவாரம் பலகையில் இறங்கினேன். சுத்தியலைத் தட்டிக் காதைக் கொடுத்தால் கான்கிரீட் சொல்வது கேட்கவில்லை, லாரி போகும்போதெல்லாம் உன் குழாய் டக்டக் என்று அடித்துக்கொண்டிருந்தது. ஆடுகிற எதையும் அப்படியே விட்டுவிட்டு வர என்னால் முடியாது, உனக்கே தெரியும். "இந்தப் பய வேலைய அரைகுறையா விட்டுட்டுப் போயிருக்கான்" என்று படகுக்காரரிடம் சொன்னேன். திட்டவில்லை, பெருமையாகத்தான் சொன்னேன். நீ படகில் விட்டுப்போன டப்பாவில் மிச்சமிருந்த பசையை எடுத்துத் தடவினேன். சத்தம் நின்றது. கோடு போட்டேன், நோட்டில் எழுதினேன், மறந்தே போய்விட்டேன்.

நீ 'டக்டக்' என்று எழுதியதைப் படித்தபோது எனக்கு நினைவு வந்துவிட்டது. அன்று பதினெட்டாம் தேதி. உனக்கு அப்போதே எழுதியிருக்கலாம். எழுதவில்லை. நீ ஏறிப் பார்க்கும் வரைக்குமாவது உன்மேல் பழி இருக்கட்டும் என்று தோன்றியது. பதினான்கு மாதம் உன்னைத் திட்டித் திட்டி அதிலேயே குளிர்காய்ந்தவள், ஒரே சாயங்காலத்தில் எப்படி எழுந்து வருவேன்?

இதைவிட மோசமானது ஒன்று இருக்கிறது. அந்த மாதம் நான் உன்னோடு இரண்டு பாலத்துக்கு வந்தேன், நினைவிருக்கிறதா? கால்வாய் மேலே போகும் தொழிற்பேட்டைப் பாலம், ரயில் பாதை மேலே போகும் பாலம். அங்கேயும் குழாய்கள் ஆடின. அங்கேயும் தடவினேனா என்று எனக்கு நிச்சயமில்லை. நோட்டைப் பிரித்தால் தெரிந்துவிடும். என் அலமாரியில் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. பன்னிரண்டு நாள் பிரிக்கவில்லை. நீ கூட்டத்துக்கு நாலு நாள் முன்னாலேயே தெரிந்துகொண்டு மறைத்தாய் என்று உன்னை என்னவெல்லாம் சொன்னேன்! நான் பன்னிரண்டு நாள். ஒவ்வொரு நாளும் அந்த இரண்டு பாலத்திலும் பஸ் போனது.

உன் 'மகிழ்ச்சியான செய்தி' வந்ததும் இன்று காலை பிரித்தேன். இரண்டு வரியும் இருக்கின்றன. 'சென்சார் குழாய், ஆட்டம், பசை வைத்துச் சரிசெய்தது.' சரிசெய்ததாம்.

நீ சுரண்டினாயே, அதை நம்பி நான் வாயை மூடிக்கொண்டு வேலைக்குத் திரும்பியிருந்தால் அந்த இரண்டும் அப்படியே இருந்திருக்கும். நீ அறிக்கையில் 'கவனக்குறைவு' என்று மட்டும் எழுதினால் யார் மற்ற பாலத்தைப் பார்ப்பார்கள்? அக்காவைக் காப்பாற்றுகிறேன் என்று இன்னொரு தரம் கழித்துவிட்டாய், மடையா.

கிடங்கு போனிலிருந்து பெரிய இன்ஜினியரைக் கூப்பிட்டு இரண்டு பாலத்தின் பெயரையும் சொல்லிவிட்டேன். நோட்டுப் பக்கங்களைப் படி எடுத்துத் தபாலில் அனுப்பிவிட்டேன். உன் நாலு நாளைப் பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லை. அது உன்னுடையது, நீதான் எழுத வேண்டும்.

அக்கா

*

ஏப்ரல் 5

அக்கா,

எழுதிவிட்டேன். வியாழக்கிழமை மதியம், லாரி, மூன்று நொடி, ஜன்னலை மூடியது, எல்லாம். போட்டோ எடுக்கும் முன்பே மஞ்சள் கோட்டைச் சுரண்டியதையும் எழுதினேன். உன் தேதியில் கடைசி எண் மட்டும் எவ்வளவு சுரண்டியும் போகவில்லை, போட்டோவில் தெரிகிறது.

பெரிய இன்ஜினியர் உன் பக்கங்களையும் என் காகிதத்தையும் அடுத்தடுத்து வைத்துப் படித்தார். கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "உங்க வீட்ல யாராவது ஒருத்தர் முதல் தடவையே உண்மையச் சொல்ற பழக்கம் கிடையாதா?" என்று கேட்டார்.  காகிதங்களை மூடி வைத்துவிட்டு, "நான் கூடத்தான் அன்னைக்குச் சிரிச்சேன்" என்றார். வேறு பக்கம் பார்த்துக்கொண்டுதான் சொன்னார்.

நீ போன் செய்த அன்று மதியமே இரண்டு பாலத்திலும் போக்குவரத்தை நிறுத்திவிட்டார்கள். அதற்கு முந்தைய நாட்களின் சராசரி எடுக்காத அளவைத் திறந்து பார்த்தேன். தொழிற்பேட்டைப் பாலத்தில் குழாய் இழை லாரிக்குத் துள்ளியிருக்கிறது. மற்றதிலும்தான். உள்ளே எவ்வளவு விரிசல் ஒளிந்திருக்கிறது என்று அறுத்தால்தான் தெரியும்.

உன் உத்தரவு நின்றுவிட்டது. விசாரணை முடியும் வரை கிடங்குதான். என்னைப் பன்னிரண்டு பால வேலையிலிருந்தும் எடுத்துவிட்டார்கள், வேறு ஆள் வருகிறார். ஒரே ஒரு நாள் மட்டும் நாம் இரண்டு பேரும் வர வேண்டுமாம். பன்னிரண்டாம் தேதி, தொழிற்பேட்டைப் பாலம். ஒட்டியவரும் கோடு போட்டவரும் இருக்கும்போதுதான் அறுப்பார்களாம், போட்டோவோடு.

அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "யாராவது விழுந்தாங்களா?" என்றாள். இல்லை என்றேன். "அது உங்க ரெண்டு பேரோட சாமர்த்தியம் இல்ல" என்றாள். அதிலிருந்து என்னோடு சரியாகப் பேசவில்லை. உனக்கும் சேர்த்துத்தான் கோபம்.

நாங்கள் ஆறு பேர் தினமும் அந்த பஸ்ஸில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து வருவோம். அவர்களில் ஒருவரிடமும் நான் விரிசலைப் பற்றிச் சொன்னதில்லை. பாலம் அடைத்திருப்பதால் இப்போது சுற்றுவழியில் போகிறோம், ஒரு மணி நேரம் அதிகம். "எவன் பண்ண வேலையோ" என்று இன்று பக்கத்தில் இருந்தவர் திட்டினார். நான்தான் என்றேன். அவர் சிரித்துவிட்டு என் தோளில் தட்டினார், நம்பவில்லை.

தம்பி

*

ஏப்ரல் 8

தம்பி,

பன்னிரண்டாம் தேதி வருகிறேன். லீவு இல்லை, சம்பளம் பிடிக்கட்டும். அம்மாவின் அலமாரியிலிருந்து சுத்தியலை எடுத்து வா. மஞ்சள் பெயின்ட் வேண்டாம்.

நீ ஏற வேண்டாம். உனக்குத் தலை சுற்றும். நான் பலகையில் இறங்குகிறேன், நீ படகில் லேப்டாப்போடு இரு. பச்சைக் கோடு எவ்வளவு எழுந்தாலும் அப்படியே சத்தமாகச் சொல். எனக்குக் கஷ்டமாக இருக்கும் என்று குறைத்துச் சொல்லாதே, பத்து நிமிடச் சராசரி எடுக்காதே.

போக்குவரத்தை நிறுத்திவிட்டார்களே, அங்கே சத்தம் வராது. அறுத்து முடித்ததும் காலியாக ஒரே ஒரு லாரியை மெதுவாக விடச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். குழாய்ப் பக்கத்திலேயே காதை வைத்துக்கொண்டு இருப்பேன். நான் கை வைத்து நிறுத்திய சத்தம் அது. அது திரும்ப வருகிற வரைக்கும் நீ என்னிடம் எதுவும் பேசாதே, மன்னிப்பும் கேட்காதே. வந்த பிறகு நான் கீழே இறங்கி வருகிறேன். யார் முதலில் கேட்பது என்று அப்போது பார்க்கலாம்.

உன் எண்ணைத் திறந்துவிட்டேன். ஆனால் அதற்குள் கூப்பிடாதே.

அக்கா